விடைப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை அவென்யூ ரோட்டில்
மழைக்குப் போர்த்திய நீலத் தார்ப்பாயை
ரங்கோஜி பாதிதான் விலக்குகிறார்.
டாக்டராகப் போகிறவர்களுக்குக் கடை முகப்பு.
கலெக்டராகப் போகிறவர்களுக்கு அடுத்த அடுக்கு.
வண்டி ரிப்பேர்க்காரன் குனிய வேண்டும்,
பலகைக்குக் கீழே, சமையல் குறிப்புக்கும்
போன வருஷ டைரிக்கும் நடுவே.

இருபத்து மூன்றாம் தேதி பீன்யாவில் பரீட்சை.
கம்ப்யூட்டரில் எழுபது கேள்வி, அப்புறம் கைவேலை.
கைவேலைக்குப் பயமில்லை.
பாஸானால் சம்பளத்தில் நாலாயிரம் ஏறும் என்று
மேனேஜர் வாயால் சொல்லியிருக்கிறார்,
தாளில் அல்ல.

முதலில் கைக்கு வந்தது தலையணை மாதிரி ஒன்று.
வழுவழுத் தாள், கலர் படம்.
எல்லா வண்டியிலும் ஸ்டியரிங் இடப்பக்கம்.
பனிக்கு உப்புத் தூவிய சாலையில்
அடித்தகடு துருப்பிடிப்பது பற்றிப் பதினோரு பக்கம்.
நாயண்டஹள்ளி சிக்னலில்
முதல் கியரிலேயே ஆயுள் கழியும் கிளட்ச்சுக்கு
ஒரு வரி இல்லை.
எண்ணூறு ரூபாய். திரும்ப வைத்தேன்.

அடுத்தது கன்னடத்தில், ஐ.டி.ஐ. கைடு.
ஏழாவது வரை நான் படித்த எழுத்து,
கண் தடுக்காமல் ஓடியது,
கார்புரேட்டர் வரை ஓடி அங்கேயே நின்றுவிட்டது.

போனில் ஷம்ஷீர் அனுப்பிய பி.டி.எஃப். வேறு இருக்கிறது.
ஜெராக்ஸை எடுத்த போட்டோ.
பக்கத்துக்குப் பக்கம் யாருடைய கட்டைவிரலோ
சரியாக எண்கள் மேல்.

கடைசியாக, ஆயிரம் கேள்வி ஆயிரம் பதில்.
ஆங்கிலம்தான், ஆனால் குட்டைக் குட்டை வாக்கியம்.
முன்னால் வைத்திருந்தவர் பென்சிலில் டிக் அடித்திருக்கிறார்,
நானூற்றுப் பன்னிரண்டு வரை.
அதற்குமேல் வெள்ளை.
பாஸாகிவிட்டாரா, இல்லை
ஆட்டோ ஓட்டப் போய்விட்டாரா.

எனக்கு ஒரு வழக்கம்.
எந்தப் புத்தகமானாலும்
என் கைக்குத் தெரிந்த ஒன்றை முதலில் கேட்டுப் பார்ப்பேன்:
சிலிண்டர் ஹெட் போல்ட்டை எங்கிருந்து இறுக்க வேண்டும்?
இருநூற்று எழுபத்தாறாவது கேள்வி.
விடைப் பக்கம் சொன்னது: ஓரத்திலிருந்து.

ஓரத்திலிருந்து கழற்றலாம்.
இறுக்குவது நடுவிலிருந்து வெளியே,
சுற்றுச் சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக.
இதைச் சொன்னது வாத்தியார் இல்லை,
நெலமங்களா தாண்டி வெள்ளைப் புகை கக்கி நின்ற
ஒரு பழைய சுமோ.
ஃபீஸ், இரண்டு மாதச் சம்பளம்.

"தப்பு இருக்கு, இருபது குறைங்க" என்றேன்.
"ஒண்ணுதானே? மிச்சம் தொள்ளாயிரத்துத்
தொண்ணூத்தொம்பதும் சரிதானே?"
அது தெரிந்தால் நான் ஏன் வாங்குகிறேன், ரங்கோஜி.

பிறகுதான் வயிற்றில் ஏதோ நழுவியது.
கேள்வித்தாள் போடுகிறவர்
இதே புத்தகத்தைப் பார்த்துப் போட்டிருந்தால்?
கம்ப்யூட்டருக்கும் இதே விடையை ஊட்டியிருந்தால்?
நடு என்று அமுக்கினால்
எஞ்சின் பாஸ், நான் ஃபெயில்.
ஓரம் என்று அமுக்கினால்
நாலாயிரம் எனக்கு,
புகை வேறு யாருக்கோ.

மழை மறுபடி பிடித்தது. தார்ப்பாய் இறங்கியது.
அதன் நீல இருட்டில் குனிந்தபடியே
பென்சில்காரரின் டிக்கைத் தேடினேன்.
இருநூற்று எழுபத்தாறில் டிக் இல்லை.
ஒரு கேள்விக்குறி.
அழித்து, மறுபடி போட்டது,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.

நூற்று அறுபதுக்கு முடித்தேன்.
கன்னடக் கைடையும் சேர்த்துக் கட்டச் சொன்னேன்,
பிரேக் பாடம் அதில் நன்றாக இருந்தது.

சிக்பேட்டையில் மெட்ரோ ஏறி, கம்பியில் சாய்ந்து,
முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன்,
ரங்கோஜி கொடுத்த ரப்பர் பேண்டை
விடைப் பக்கங்களுக்கு மட்டும் போட்டுவிட்டு.